பித்தளைக் கேப்டன்

பிஷப்பின் குரலை அவ்வளவு சிறப்பாகச் செய்திருக்க வேண்டாம். கைலாசத்துக்கு இது தோன்றியபோது அவர் மனைவி சண்முகசுந்தரியின் தலை தலையணையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. சற்று முன்பு வரை கட்டில் அதிரச் சிரித்துக்கொண்டிருந்தவள். நடிக்கிறாள் என்று நினைத்து அவர் அடுத்த வரியையும் படித்தார். "இதுக்கே இப்படின்னா, மேல கேளு" என்று வேறு சொன்னார். மேலே கேட்க அவள் இல்லை.

புத்தகத்தை மூடாமல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் தோளைத் தொட்டார். பிறகு உலுக்கினார். பிறகு, கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனிதர், என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

கவிழ்த்து வைத்தது ஒரு நாவலின் அஞ்சாவது பாகம். மாஞ்சோலை எஸ்டேட்டில் யாரோ ஒரு மேனேஜர் வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த ஆங்கிலப் புத்தகக் கட்டு, ஜங்ஷனில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் அலி அஸ்கர் மூலமாக இந்த வீட்டுக்கு வந்திருந்தது. கதை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நடக்கிறது. ஆனால் அந்த லண்டனில் எல்லாமே நீராவியில் ஓடும். வானத்தில் புகைபோக்கி வைத்த கப்பல்கள் போகும். சமையல்கட்டில் பல் சக்கரம் வைத்த யந்திரம் ரொட்டி சுடும். அங்கே ஒரு கப்பல் கேப்டன். அவனுக்கு ஒரு சூனியக்காரியின் சாபம்: பொய் சொன்னால் உடம்பில் ஏதாவது ஒரு பாகம் பித்தளையாகிவிடும். உண்மையைச் சொன்னால்தான் திரும்பச் சதையாகும். லேடி வினிஃப்ரெட் என்ற விதவைமேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். வீம்புக்காரன், ஒப்புக்கொள்ள மாட்டான். முதல் பாகத்தில் ஒரு விரல் போயிற்று. இரண்டாவதில் காது. நாலாவது பாகம் முடியும்போது அவன் மூக்கைச் சாம்பல் போட்டுத் துலக்க ஒரு வேலைக்காரனே இருந்தான்.

சுந்தரிக்கு ஆங்கிலம் தெரியாது. கைலாசம் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லுவார். சுவாரசியமான இடம் என்றால் எல்லோரும் திருநெல்வேலிக்காரர்களாகிவிடுவார்கள். "என்னவே கேப்டன், மூக்கு மினுங்குது?" என்பார் லண்டன் பிரபு. காதல் கட்டங்களில் மட்டும் கைலாசத்துக்குக் கூச்சம் வந்துவிடும். கூச்சம் வந்தால் ஆபீஸ் தமிழ் வந்துவிடும். "பார்வையில் காணும் தங்களது முத்தம் தொடர்பாக, அம்மையார் பதில் முத்தம் ஒன்றைக் கனிவுடன் அனுப்பி வைத்தார்" என்று வாசிப்பார். சுந்தரி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வாள்.

அவளுக்கு நெஞ்சில் பெரிய ரத்தக் குழாய் உப்பியிருப்பதாக மதுரையில் ஸ்கேன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பாரம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, கோபப்படக் கூடாது. கைலாசம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாசலிலேயே இதைச் சொல்லி அனுப்புவார். ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் அவளுடைய அண்ணன் தில்லைநாயகம் மட்டும் விதிவிலக்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தங்கைக்குப் புண்ணியம் சேர்க்கப் பக்தி நூல்கள் ஒரு அடுக்கு கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, கால் நல்லா இருக்கும்போதே எல்லாக் கோயிலுக்கும் போயாச்சு" என்றாள் சுந்தரி. "இப்ப நான் லண்டனுக்குப் போயிட்டிருக்கேன்."

இன்று அந்த லண்டனில் ஒரு தேநீர் விருந்து. பிஷப் முன்னிலையில் கேப்டன் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு இந்த அம்மாள்மேல் எள்ளளவும் பிரியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். 'டங்' என்று ஒரு சத்தம். புத்தகத்தில் அதற்குப் பிஷப் புருவத்தை மட்டும்தான் உயர்த்துகிறார். கைலாசத்துக்கு அது போதவில்லை. பிஷப்பைத் திடுக்கிட்டு எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்தார். "சாயரட்சைக்கு மணி அடிச்சாச்சா? இன்னைக்கு என்னவே பிரசாதம்?" என்று கேட்க வைத்தார்.

"பித்தளைக் குண்டியா?" என்றாள் சுந்தரி. அப்புறம்தான் சிரிப்பு.

*

டாக்டர் சாலோமி பாளையங்கோட்டையிலிருந்து வந்து, பார்த்து, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"நான்தான் டாக்டர் சிரிக்க வச்சேன். அதனாலயா?"

"நேரம் வந்துட்டு சார்" என்றாள், பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு.

விளக்கு வைப்பதற்குள் ஆழ்வார்குறிச்சி வேன் வந்துவிட்டது. தில்லைநாயகம் இறங்கினார், கூடவே ஒரு ஓதுவாரையும் இறக்கினார். தங்கையின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கைலாசத்தின் கையைப் பிடித்தார்.

"கடைசியா என்ன சொன்னா மாப்ளே?"

அந்தக் குடும்பத்தில் இது முக்கியமான கேள்வி. துஷ்டி கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் கடைசி வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். சுந்தரியின் அப்பா சிவனைக் கூப்பிட்டார். அம்மா முருகனை. காப்பி வரவில்லையே என்று கத்திக்கொண்டே போன ஒரு சித்தப்பாகூட, பதினாறாம் நாளுக்குள் நெல்லையப்பரைக் கூப்பிட்டவராக ஆகிவிட்டார்.

"சொன்னா. உங்களுக்கு வேண்டாம் அத்தான்."

"என்ன வேண்டாம்? கூடப்பிறந்தவன் கேக்கேன்லா?"

கைலாசம் சொன்னார்.

தில்லைநாயகம் தோள் துண்டை எடுத்து உதறினார். மறுபடியும் தோளில் போட்டார். "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சிரிச்சா."

"நீரெல்லாம் மனுசனா வே?"

"அதைத்தான் நானும் கேக்கேன் அத்தான். நான்தான் கொன்னுட்டேனா? உள்ளதைச் சொல்லுங்க."

கோபமாக இருந்த மனிதர். ஆமாம் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் தில்லைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதது விதிப்படி நடக்கு. நாம யாரு?" என்று ஓதுவாருக்குப் பாய் போடப் போய்விட்டார்.

மறுநாள் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் மகள் விஜயஸ்ரீ வந்து இறங்கினாள். அம்மாமேல் விழுந்து அழுது ஓய்ந்து, முகம் கழுவிவிட்டு வந்தவளிடமும் கைலாசம் அதையே கேட்டார்.

"அப்பா, நீங்க காப்பி குடிச்சீங்களா?" என்றாள் அவள்.

அலி அஸ்கர் பந்தலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். புத்தகம் கொடுத்தவர் என்ற முறையில் அவருக்கும் இதில் பங்கு உண்டு என்று கைலாசம் அவரிடமும் போனார். "எல்லாம் அல்லாட நாட்டம் சார்" என்றார் அலி அஸ்கர். சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்தார். அந்த மனிதரும் ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்று கண்ணே சொல்லிற்று.

கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வாசலில் தில்லைநாயகம், வந்தவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் சற்றும் மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு சீக்கு இல்ல, ஒரு இழுபறி இல்ல. சிவசிவான்னு ரெண்டு தரம் சொன்னா. கண்ணை மூடிட்டா. கொடுத்து வச்ச உசுரு."

மூன்றாவது முறை கேட்டபோது கைலாசம் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"இல்ல" என்றார்.

குரல் சற்று உரக்க வந்துவிட்டது. உள்ளே ஒப்பாரி பாதி வரியில் நின்றது.

"அவ அப்படிச் சொல்லல. நான் கதை படிச்சேன். கதையில ஒருத்தன் பொய் சொன்னான், அவனுக்குப் பின்பக்கம் பித்தளையாப் போச்சு. அது என்னதுன்னு கேட்டா. கேட்டுட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே போயிட்டா. நடந்தது இதுதான்."

ஒப்பாரி வட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா மட்டும் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: "பின்பக்கம் பித்தளையாவா? அது எப்படி ஐயா?"

"சாபம் பெரியம்மா."

"அப்ப அவன் எப்படி உக்காருவான்?"

"அங்கனதான் சிக்கலே. டங்குன்னு சத்தம் கேக்கும்."

பெரியம்மாவின் உதடு துடித்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். தில்லைநாயகம் கைலாசத்தின் முழங்கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ளே, பித்துப் பிடிச்சுட்டா உமக்கு? ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லுதோம். அதுல உமக்கு என்ன நட்டம்? அவ நல்ல கதிக்குப் போக வேண்டாமா?"

"ஓதுவார் பாடட்டும் அத்தான். நல்லாப் பாடுதாரு, அவளுக்கு அவர் குரல் பிடிக்கும். எவ்வளவு நேரம் வேணாலும் பாடட்டும். அவ வாயில வார்த்தையை மட்டும் வைக்காதீங்க."

"சிவன் பேருவே அது!"

"யாரு பேரா இருந்தா என்ன? அவ சொல்லலேல்லா? சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போறேன்னா, கேக்கவங்ககிட்ட வயித்தை வலிக்குதுன்னு சொல்லிட்டு வீட்ல இருன்னீங்க. கல்யாணம் ஆகி இங்க வந்தா, எங்க அம்மா கேட்டா இப்படிச் சொல்லு, எங்க அக்கா கேட்டா அப்படிச் சொல்லுன்னு நான் சொல்லிக் கொடுத்தேன். அவ சொந்தமாச் சொன்ன வார்த்தை ஒண்ணு ரெண்டுதான் அத்தான். அதுல கடைசி இது. இதையும் திருத்தணுமா?"

"அதுக்காக இந்த வார்த்தையா?"

"வேற வார்த்தை இல்லியே. நான் என்ன செய்ய?"

குளிப்பாட்ட ஆற்று நீர் எடுக்க, நீர்மாலைக்குப் புறப்பட வேண்டும் என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். தில்லைநாயகம் கைலாசத்தைத் திரும்பிப் பார்க்காமல், குடத்தோடும் தலைக்குமேல் பிடிக்கும் வேஷ்டிப் பந்தலோடும் நின்ற ஆட்களுடன் சேர்ந்துகொண்டார். சங்கு ஊத, கூட்டம் குறுக்குத்துறை ஆற்றுக்கு நடந்தது. அதற்கப்புறம் அவர் சிவசிவா என்று யாரிடமும் சொல்லவில்லை. வேறெதுவும் கூடச் சொல்லவில்லை.

*

ஆண்கள் ஆற்றுக்குப் போனதும் பந்தல் வெறிச்சென்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடந்தன. அப்போதுதான் டாக்டர் சாலோமி ரோஜா மாலையோடு வந்தாள். உள்ளே போய் மாலையைப் போட்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, வெளியே வந்து செருப்பைத் தேடினாள்.

கைலாசம் செருப்புகளுக்குக் குறுக்கே நின்றார்.

"டாக்டர், நேத்திலேருந்து நேரம் வந்துட்டுன்னு கேட்டாச்சு. விதின்னு கேட்டாச்சு. அல்லாட நாட்டம்னு கேட்டாச்சு. காப்பி குடிச்சீங்களான்னும் கேட்டாச்சு. குடிச்சேன். இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல."

"சார், அதை இப்ப..."

"கோபப்படுத்தக் கூடாதுன்னீங்க. ஒரு வருசம் அவ குழம்புல உப்பு இல்லைன்னாக்கூட வாயைத் திறக்கல நான். சிரிக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணவே இல்ல. புஸ்தகத்துல இருந்ததைப் படிச்சு நிறுத்தியிருந்தாக்கூட அவ லேசாச் சிரிச்சிருப்பா. பிஷப் சாமி கும்பிட்டதும், பிரசாதம் கேட்டதும் நான் சேர்த்தது. அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சா." அவர் செருப்புகளை விட்டு நகரவில்லை. "ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

டாக்டர் அவரையே பார்த்தாள். நாற்காலி ஒன்றைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா சார். சிரிச்சதுதான்."

கைலாசம் தலையை ஆட்டினார்.

"உப்பியிருந்த இடம் அப்படியொரு சிரிப்பைத் தாங்காது. போன வாரம் செக்கப்புக்கு வந்தப்ப அவங்களே கேட்டாங்க, சிரிக்கலாமா டாக்டர்னு. சத்தமாச் சிரிக்கக் கூடாதும்மா, பைய இருந்தீங்கன்னா ஒரு வருசம், ரெண்டு வருசம் இருக்கலாம்னேன். வீட்டுக்காரர்ட்ட நானே சொல்லிருதேன்னு சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"'சொல்லிராதீங்க டாக்டர். அந்த மனுசன் பயந்துபோயி எங்க அண்ணன் கொண்டாந்து வச்ச புஸ்தகத்தைப் படிக்க ஆரம்பிச்சிருவாரு. அதைக் கேட்டுக்கிட்டு ரெண்டு வருசம் கிடக்கணுமாக்கும்?' அப்படின்னாங்க. கடைசி வரைக்கும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நேத்து சொல்லாம இருந்தேன். இன்னைக்கு முடியல."

தெரு முனையில் சங்குச் சத்தம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"நான் சேர்த்துச் சொல்லுதது அவளுக்குத் தெரியாது, பாவம்" என்றார் கைலாசம். "எல்லாம் புஸ்தகத்துல இருக்குன்னு நினைச்சிட்டிருந்தா."

"தெரியும் சார். பாதிக் கதை உங்களோடதுதான்னு சொல்லிருக்காங்க. அந்தப் பாதிக்குத்தான் சிரிக்கேன்னு சொன்னாங்க."

ஆற்று நீர் வந்து சேர்ந்தது. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கோடிப் புடவை சுற்றி வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். வாய்க்கரிசிக்கு முதலில் கைலாசத்தைக் கூப்பிட்டார்கள். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை விஜயஸ்ரீ அவிழ்த்தாள். உதடு மெல்லத் திறந்து, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. யாரோ ஒருத்தி குனிந்து அதை விரலால் சரிசெய்யப் போனாள்.

கைலாசம் அவள் கையை விலக்கிவிட்டு, அரிசியை அந்தப் பக்கமாகவே போட்டார்.