சிவப்பு ரப்பர் பேண்டு

பிரேக் லீவர் ஒரு எதிர்ப்பும் காட்டாமல் கைப்பிடி வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா விட்டுவிட்டு மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே கதைதான். முன்னால் ஹாலில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். பின்னால் பட்டறையில், அவன் கடைசியாக ஓட்டிப்போன மலைச் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இப்போது மணி பன்னிரண்டரை.

வந்தவர்கள் உட்கார ஸ்டூல் எடுக்கத்தான் அவள் பட்டறைக்கு வந்தாள். வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. பதினொரு வருஷமாகத் தம்பியோடு சேர்ந்து கடை நடத்துகிறவள். எந்தச் சைக்கிளைக் கடந்தாலும் லீவரை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் போவாள். முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. அதைப் பார்க்க முடியாமல்தான் லீவரைத் தொட்டாள். முன் பிரேக்கும் அப்படித்தான் இருந்தது, பின் பிரேக்கும் அப்படித்தான் இருந்தது. விழுந்ததில் ஒன்று உடையலாம், சரி. இரண்டும் ஒரே மாதிரி செத்துப்போகுமா?

நேற்றுக் காலை மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் தம்பி திரும்பவில்லை, நேராகப் போனான். யாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் சாவு வீட்டில் எல்லாரும் மெக்கானிக். டயர் வழுக்கியிருக்கும் என்றார் ஒருவர். தூக்கக் கலக்கம் என்றார் இன்னொருவர். வாசலில் நின்ற கணக்கு வாத்தியார் மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

"ஊருக்கெல்லாம் பிரேக்கைப் பத்திப் பாடம் எடுப்பாரு. தன் வண்டியப் பாத்துக்கல பாருங்க. ஊருக்குத்தான் உபதேசம்."

பார்த்துக்கொள்ளவில்லையாம்! பல் தேய்க்கும் முன்னால் செயினைத் துடைக்கிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? செயின் ஒரு நூல் நீண்டாலும் மாற்றிவிடுவான். மாற்றிய பழைய பாகத்தைக் கவரில் போட்டுக் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுப்பான். "பழசைக் கைல கொடுத்தாத்தான்க்கா புதுசு போட்டதை நம்புவாங்க" என்பான். புதுப் பாகங்களை வாங்கி, பிரித்து, அலமாரியில் அடுக்குவது அக்காவின் வேலை. அவள் ஆர்டர் போட மறந்த நாளில், "பிரேக் கட்டை இல்லன்னா உன் வளையலக் கழட்டிக் கொடு, அதை மாட்டி விடறேன்" என்று கேலி பண்ணுவான்.

அலமாரி நினைவு வந்ததும் அவள் கண் அங்கே போனது. போயிருக்க வேண்டாம்.

மலைச் சைக்கிள் பிரேக்கில் கம்பி கிடையாது, குழாய்க்குள் அடைத்த எண்ணெய்தான் பிடிக்க வைக்கும். அந்த எண்ணெயில் இரண்டு விதம் உண்டு. சில வண்டிக்கு ஒன்று, சில வண்டிக்கு மற்றது. மாற்றி ஊற்றக் கூடாது. ஒன்றுக்குத் தம்பி வைத்த பேர் சாது. கையில் பட்டால் துடைத்துவிட்டுப் போகலாம். இன்னொன்று முரடன். பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தால் கொப்புளம் போட்டு உரித்துவிடும். சாது ஓட வேண்டிய பிரேக்கில் முரடனை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையமெல்லாம் நாலைந்து நாளில் ஊறி உப்பிவிடும். அப்புறம் பிரேக் எப்போது காலை வாரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய டின்னிலிருந்து இரண்டையும் சின்னப் பாட்டில்களில் ஊற்றி வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில், நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். முரடன் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு இருக்கும்.

"வேற பாட்டில் வாங்குக்கா. இல்ல, பேராவது எழுதி ஒட்டு," என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கடைல இருக்கறது நீயும் நானும். ரப்பர் பேண்டு பத்தாதா? பெரிய ஃபேக்டரி நடத்தறான்!" என்று அவள்தான் வாயை அடைத்தாள்.

இப்போது சாது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாட்டில் இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. அது நின்ற பலகையில் நீலப் பெயின்ட் வட்டமாகப் பொரிந்து கிளம்பியிருந்தது.

அக்காவின் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது.

திங்கட்கிழமை காலையில் அவள் ஒரு செயினைக் கழுவிக்கொண்டிருந்தாள். முடி சரிந்து சரிந்து கிரீஸில் விழுந்தது. கைக்கு எட்டிய இடத்தில் முரடன் நின்றான். ரப்பர் பேண்டை உருவி முடியைக் கட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். அன்றைக்கே சாது பாட்டிலைக் கழுவி நிரப்பப் பின்கட்டுக்கு எடுத்துப்போனாள். அதற்குள் பாகம் கொண்டுவந்த பார்சல் வண்டிக்காரன் கூப்பிட்டான். இரண்டும் மறந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை தம்பி அலமாரியைப் பார்த்தபோது அங்கே ஒரே பாட்டில்தான் இருந்தது. கழுத்தில் ரப்பர் பேண்டு இல்லை. இல்லையென்றால் சாது என்று எடுத்து ஊற்றிவிட்டு, சாதுவின் இடத்திலேயே வைத்திருக்கிறான். அவனுக்கு அக்கா மேல் அத்தனை நம்பிக்கை. பாவி, ஒரு தடவை முகர்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

"இங்கயா இருக்க? ஒரு வாய் தண்ணியாவது குடி. நேத்துலேர்ந்து ஒண்ணும் இறங்கல உனக்கு," என்று சித்தி வந்து டம்ளரைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அக்கா குடிக்கவில்லை. சைக்கிளின் லீவரில் இருந்த சின்னத் திருகைக் கழற்றி, எண்ணெயில் ஒரு சொட்டை டம்ளரில் விட்டாள். சாதுவாக இருந்தால் தண்ணீருக்கு மேல் கண்ணாக மிதக்கும். முரடன் தண்ணீரோடு கலந்துவிடும். 'மித, மித' என்று அவள் வாய்விட்டே சொன்னாள். சொட்டு விழுந்தது. ஒரு நெளிவு நெளிந்தது. பிறகு டம்ளரில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. யாராவது எடுத்துக் குடித்துவிடப் போகிறார்களே என்று அதை வாஷ்பேசினில் கொட்டினாள். தம்பியைக் கொன்றது நான்தான் என்று அப்போது தெளிவாகவே நினைத்தாள்.

அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. சுவரில் தொங்கிய வேலைப் பலகையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் தம்பியின் கோழிக் கிறுக்கலில் நாலு வரி இருந்தது. பல் டாக்டர், பிரேக் ஆயில். பேங்க் மேடம், பிரேக் ஆயில். கணக்கு வாத்தியார், பிரேக் ஆயில். கடைசியில் 'நம்ம வண்டி'.

இன்னும் மூன்று பேர்.

போனை எடுத்தாள். பல் டாக்டர் எடுத்ததும் முதலில் துக்கம் விசாரித்தார். அவர் முடிக்கும் வரை காத்திருந்து, "டாக்டர், உங்க வண்டிய ஓட்டாதீங்க. பிரேக்ல போட்ட பார்ட் ஒண்ணு சரியில்ல. புதுசு வரவழைச்சுத் தரேன்," என்றாள். இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது. பேங்க் மேடத்திடம் அதே வாக்கியம் இன்னும் சரளமாக வந்தது. "இந்த நேரத்துலயும் எங்களை நினைக்கறீங்களே, உங்களுக்குப் பெரிய மனசும்மா," என்று அந்த அம்மா விசும்பினாள். அக்கா போனை வைத்தாள்.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு தட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார் கிளம்பிவிட்டார்! தெரு முனையில் ஒரே இறக்கம். அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

"சார், இறங்குங்க. இதை ஓட்டாதீங்க."

"என்னம்மா ஆச்சு?"

"பிரேக் பார்ட் சரியில்ல. வந்த சரக்கே மட்டம். விட்டுட்டுப் போங்க, மாத்தித் தரேன்."

வாத்தியார் லீவரை அமுக்கிப் பார்த்தார். "ஆமா, நேத்துலேர்ந்து கொஞ்சம் ஒட்டுது. தம்பிகிட்ட சொல்லணும்னு இருந்தேன்." அவர் முகம் வெளுத்தது. "அப்ப அவரும் இதனாலதானா? நான் வேற வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே."

"இருக்கலாம் சார்," என்றாள் அக்கா. யார் தலையிலோ பழியைப் போட்டாயிற்று. பேரில்லாத, முகமில்லாத ஒரு சரக்கின் தலையில். அது வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. மூன்று உயிரைக் காப்பாற்றிவிட்டோம், அது போதாதா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

போதாது என்று ஹாலில் தெரிந்தது.

தம்பி மனைவி அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை. நேற்றுக் காலையிலிருந்து அவள் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சைக்கிளையே கட்டிக்கிட்டு அழுங்கன்னு சொன்னேன். லீவு நாள்லகூட வீட்ல இருக்க மாட்டீங்களான்னு கேட்டேன். பதில் பேசாம போனாரு. நான்தான் அப்படிச் சொன்னேன்."

"சொன்ன இல்ல? சொல்லிட்டு இப்ப எதுக்கு அழற?" அம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "நாக்கா அது? போற ஆளைக் கோபமேத்தி அனுப்பினா கண்ணு எப்படிப் பாதைல நிக்கும்? எம்புள்ள ஒரு நாளும் வேகமா ஓட்டினவன் இல்ல. எதுக்கு வேகமாப் போனான்? இவ வாய்தான் தள்ளிவிட்டுது."

உறவுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மறுக்கவில்லை. தலையை ஆட்டி ஆமோதித்தாள். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"நீயே சொல்லுடி," என்று அம்மா அக்கா பக்கம் திரும்பிக் கையைப் பிடித்தாள். "கூடவே இருந்தவ நீ. அவன் வேகமாப் போற ஆளா?"

சொல்லிவிடலாம். ஒரே வரிதான். அம்மா, அவன் வேகமாகப் போகவில்லை, பிரேக் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் நான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பிள்ளையை இழந்து இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளின் முகம். சொன்னால் அந்தக் கை விட்டுவிடும். இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்கும்.

"நடந்தது நடந்துபோச்சு," என்றாள். "அவளைத் திட்டி என்ன ஆகப்போகுது? விடும்மா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தப் பாவம் இத்தனை மரியாதையான குரலில் பேசும் என்று யாரும் சொல்லவில்லை. சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "பெரியவ பெரியவதான்," என்றாள். தம்பி மனைவி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த நன்றியைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்து பட்டறைக்குள் போய்விட்டாள்.

பின்கட்டில் கிடந்த சாது பாட்டிலை எடுத்துவந்து அலமாரியில் வைத்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தலையிலிருந்து ரப்பர் பேண்டை உருவினாள். நாலு முடி அதோடு பிய்ந்து வந்தது. முரடன் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் போட்டாள். ஆறு நாள் தாமதம். ஆனாலும் இனிமேல் யார் வந்து பார்த்தாலும் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். அப்படி நினைத்ததும் தன் மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

"அக்கா."

தம்பி மனைவி கதவில் நின்றாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "எடுக்கப் போறாங்களாம். வாங்க."

அக்கா நகரவில்லை.

"என்னக்கா இது, தலையெல்லாம் விரிச்சுப் போட்டுக்கிட்டு?" அவள் கிட்டே வந்தாள். "இப்படியே வந்தா அத்தை இன்னும் உடைஞ்சு போயிடுவாங்க. திரும்புங்க."

அக்கா திரும்பினாள். அந்தப் பெண்ணின் விரல்கள் முடியைக் கோதிச் சேர்த்தன. மெதுவாக, சிக்கு இழுக்காமல்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க," என்றாள் பின்னாலிருந்து. "நீங்க ஒருத்தர்தான்க்கா எனக்காகப் பேசினீங்க."

அக்கா அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்துப் போட்டிருந்தீங்களே, அந்த ரப்பர் பேண்டு எங்க?" ஒரு கையால் முடியைப் பிடித்தபடி அவள் சுற்றிலும் தேடினாள். "ஓ, இங்க மாட்டி வச்சிருக்கீங்களா?"

கை நீண்டது. 'அதை எடுக்காதே' என்று அக்காவின் வாய் திறந்தது. எடுக்காதே என்றால் ஏன் என்று கேட்பாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

அவள் பாட்டிலிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, அக்காவின் முடியில் மூன்று சுற்றுப் போட்டு இறுக்கினாள். தோளில் கை வைத்து, "வாங்க, நேரமாச்சு," என்று நடத்திக்கொண்டு போனாள்.

அலமாரியில் இரண்டு பாட்டில்களும் ஒன்றுபோல நின்றன.