சுவரில் தீட்டிய பின்வாசல்

சலவைக்கூடத்துச் சுவரில் தீட்டியிருந்த கதவைத் திறந்துகொண்டு போன நகராட்சிப் பரிசோதகர் ஆறு ஆண்டுகள் வெளியே வரவில்லை. நிஜமான பின்வாசலை, துணி திருட்டுப் போகிறதென்று முதலாளி எப்போதோ செங்கல் வைத்து அடைத்திருந்தார். பரிசோதனைக்கு முந்தின நாள் போர்டு எழுதுகிறவரைக் கூட்டிவந்து, அதே இடத்தில் ஒரு பச்சைக் கதவைத் தீட்டவைத்தார். கீல், கைப்பிடி, அடியில் கறுப்பாய் ஓர் இடுக்கு, ஒன்றும் குறையில்லை.

பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வருவார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் படிவத்தை முடித்துவிடுவார். பின்வாசல் உண்டா? உண்டு. வழி அகலமாக, வெளிச்சமாக, தடையில்லாமல் இருக்கிறதா? இருக்கிறது. வழி எங்கே போய் முடிகிறது என்ற கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடுவார்; அதற்கு எழுந்து நடந்து பார்க்க வேண்டும். இப்படிப் பதினான்கு ஆண்டுகள். பதினைந்தாம் ஆண்டு முன்வாசலை அழுக்குமூட்டைகள் அடைத்துக் கிடந்தன, அவருக்கோ வயிறு சரியில்லை. தான் எழுதியதை நம்பி ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினார். அத்தனை கையெழுத்தில் கதவு கெட்டிப்பட்டிருந்தது போலும், திறந்தது. அவர் நுழைந்ததும் சாத்திக்கொண்டு பழையபடி பெயிண்டாகிவிட்டது.

அந்தச் சுவரோரம் இஸ்திரி போடுகிற அக்காவுக்குத்தான் முதலில் தட்டும் சத்தம் கேட்டது.

"யாருங்க உள்ள?"

"நான்தாம்மா, இன்ஸ்பெக்டர். இந்தப் பக்கம் கைப்பிடி இல்லம்மா. வழி மட்டும் இருக்கு. அகலமா, வெளிச்சமா, தடையே இல்லாம. நடக்க நடக்க முடியவே மாட்டேங்குது."

"நீங்க எழுதுன மாதிரியேவா சார்?"

"எழுதுன மாதிரியேதான்."

கூடத்தில் வேலைசெய்யும் பெண்கள் தள்ளிப் பார்த்தார்கள், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். பச்சைப் பெயிண்ட் நகத்துக்குள் ஏறியதுதான் மிச்சம். நகராட்சி அவரை நீண்ட விடுப்பில் இருப்பதாகக் குறித்துக்கொண்டு வேறொருவரை அனுப்பியது. அவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே கட்டத்தை விட்டுவிட்டுப் போனார். மாதம் ஒருமுறை பரிசோதகரின் மனைவி வந்து சுவரைப் பார்த்து உட்காருவாள். "வீட்டுக் கதவை ஒருநாளாவது சாத்தியிருப்பாரா இந்த மனுஷன்? இப்ப கதவுக்குள்ள போய் உக்காந்துகிட்டாரு பாரு," என்பாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அக்கா ஆண்டுதோறும் புதுப் படிவத்தைக் கதவடியில் நீட்டுவாள். தீட்டிய இடுக்கில் வேறெதுவும் நுழையாது, படிவம் மட்டும் நுழையும். கடைசிக் கட்டத்தை நிரப்பினால் வழி முடிந்துவிடும் என்பது அவளுடைய கணிப்பு. அவர் வெறுமையாகவே திருப்பித் தள்ளுவார். "பார்க்காம எழுதித்தானேம்மா மாட்டிக்கிட்டேன். முடிவைப் பார்த்துட்டு எழுதுறேன்." சுவருக்குள் போனபிறகு அவ்வளவு நேர்மை.

ஆறாம் ஆண்டுப் பரிசோதனை முடிந்த அன்று மதியம் தீ பிடித்தது. முன்வாசல் மூட்டைகள் முதலில் எரிந்தன. முப்பத்தொரு பெண்களும் புகைக்கு முன்னால் ஓடி, பச்சைக் கதவின்மேல் வந்து முட்டி நின்றார்கள். அக்கா மேசைமேல் கிடந்த அன்றைய படிவத்தை இடுக்கில் செருகி, உள்ளங்கையால் சுவரை அறைந்தாள்.

"சார், எழுதுங்க! தெருன்னு எழுதுங்க!"

"நான் இன்னும் பார்க்கலியேம்மா..."

"இத்தனை வருஷம் எங்களைப் பார்க்காமதான எழுதுனீங்க? இன்னிக்கு ஒருதரம் எங்களுக்காகப் பார்க்காம எழுதுங்க சார்!"

உள்ளே பென்சில் உரசுவது கேட்டது. அவர் பக்கத்தில் ஒரு கைப்பிடி முளைத்தது, கதவு திறந்தது. நரைத்த தாடியோடு அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க, முப்பத்தொரு பேரும் இருமிக்கொண்டே அகலமான, வெளிச்சமான வழியில் நடந்து, பின்தெருவில் வாளி விற்கும் கடைக்குப் பக்கத்தில் வெளிப்பட்டார்கள். வாளிக்கடைக்காரர் எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார். எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

கூடம் மறுபடி வெள்ளையடிக்கப்பட்டு நடக்கிறது. பச்சைக் கதவு இந்தப் பக்கம் இன்னமும் வெறும் பெயிண்ட்தான். உள்ளேயிருந்துதான் திறக்கும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். அதனால் பரிசோதகர் தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு, தெருப் பக்கம் திறந்தே இருக்கும் வழியில் நுழைந்து சுவருக்குள் போய் உட்காருகிறார், வேலை விட்டதும் வீட்டுக்குப் போகிறார். அக்கா காலையில் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்த பிறகுதான் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குவாள்.