ஏழும் நகலும்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவளுக்கு மைக்ரோ என்று பட்டப்பெயர் வைத்தவர் கடை முதலாளி. முடியின் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டரைக் கீழே வைக்க மாட்டாள் என்பதால். வீட்டிலும் அப்படித்தான். ட்ரோம்போன் என்கிற நீளமான பித்தளைக் குழலில் உதடு பதிக்கும் முனை இருக்கிறதே, கிண்ணம் போல, அந்த மவுத்பீஸ்களில் பழையவையாகப் பதினொன்று சேர்த்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பெட்டியின் மேல் எண், விளிம்பின் அகலம், கிண்ணத்தின் ஆழம்.

பதினொன்றில் ஏழாவதுதான் உயிர். என்றோ மூடிப்போன பட்டறையில் கடைந்தது. பதினான்கு வருடமாக அவள் ஊதுவது அதில்தான். அதில் ஊதினால்தான் தன் சத்தம் தனக்கே பிடிக்கிறது என்பாள். இதையெல்லாம் சொல்ல அவளுக்கு இருந்தது ஒரே ஆள். வேறு ஊரில் இருக்கும், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவரும் சேர்ப்பவர். எட்டு வருடப் பழக்கம். முகம் பார்த்ததில்லை, போனும் பார்சலும்தான்.

சொந்தக் கடைசல் மெஷின் வைத்திருந்த டாக்டர், அந்த ஏழாவதை இரவல் வாங்கி, அச்சு அசலாக ஒரு நகல் கடைந்து, இரண்டையும் சேர்த்து அனுப்பினார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ஊதிப் பாருங்கம்மா. பன்னெண்டு தடவையில பத்து சரியாச் சொன்னா, அதே பட்டறையோட சின்ன மவுத்பீஸ் என்கிட்ட இருக்கே, அது உங்களுக்கு. இல்லேன்னா ஏழு எனக்கு. வித்தியாசமே தெரியலைன்னா உங்களுக்கு நகல் போதாதா?"

"தெரியும் டாக்டர்."

"அப்ப என்ன பயம்?"

பயமில்லை என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டால், எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும்.

கடையில் பில் போடும் பெண்ணிடம் கேட்கலாம் என்று மூன்று நாள் வாயெடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வேலை இருக்கா?" என்று ஒருநாள் கேட்டும் விட்டாள். "ஏங்க்கா?" என்றதும், "சும்மாதான்" என்று லென்ஸுக்குள் குனிந்துகொண்டாள். ஐந்து வாரம் அப்படியே போயிற்று.

கடைசியில் அவளுடைய அக்கா வந்தாள். மகனோடு வெளிநாட்டில் குடியேறப் போகிறாள். கிளம்புமுன் தங்கையோடு ஒரு காலைப்பொழுது.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தா வேலை வாங்கறியேடி" என்றாள் அக்கா. மவுத்பீஸைத் தூக்கிப் பார்த்தாள். "மண்ணெண்ணெய் ஊத்தற புனலாட்டம் இருக்கு. இதுக்குப் பெட்டி வேற."

"அக்கா, காசு சுண்டு. தலைன்னா ஏழு, பூன்னா நகல். நீயே குழல்ல மாட்டிக் குடு, நான் தொடக் கூடாது. நான் சொல்றதையும் காசு சொன்னதையும் எழுதிக்கோ. ஊதி முடிச்சதும் மறுபடி தண்ணிக் கிண்ணத்துல போட்டுடு. ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும்."

"உத்தரவு."

துணி கண்ணை மூடியது. முதல் முறை உதடு வைத்ததுமே தெரிந்தது. "ஏழு." அடுத்ததும் ஏழு. சத்தம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆறு முறையும் ஏழு என்றாள், சந்தேகமே இல்லாமல். நடுவில் அக்காவின் போன் அடித்தது. மருமகள். அக்கா பேசிக்கொண்டே மாட்டிக் கொடுத்தாள். இப்போது உதடு சுருங்கியது, சத்தம் தடித்தது. நகல், நகல், ஆறு முறையும் நகல்.

துணியை அவிழ்த்து அட்டவணையைப் பார்த்தாள். காசு தலையும் பூவுமாய்க் கலந்து விழுந்திருந்தது. மொத்தம் ஆறு சரி. ஊதாமலே வேறொரு காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

அவள் ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவே விரலை வைத்தாள்.

"அக்கா, போன் வரதுக்கு முன்னாடி ஏதாவது வேற மாதிரி செஞ்சியா?"

"நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

"தண்ணியிலேர்ந்து எடுத்து அப்படியே மாட்டினியா?"

"ஐஸா இருந்துதுடி. அதை எப்படி உன் வாயில வைக்கறது? உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வெச்சிருந்து குடுத்தேன். அப்புறம் ஒரு கையில போன் வந்துடுச்சு, அப்படியே மாட்டிட்டேன்." அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "தப்பா?"

"இல்லக்கா."

"வேணும்னா மறுபடியும் பண்ணலாமா?"

வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்தது. அக்கா அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள்.

மதியம் டாக்டருக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்ப இது செல்லாதும்மா" என்றார் அவர். "திரும்பப் பண்ணுங்க."

"எடுத்துக் குடுக்க ஆள் இல்ல டாக்டர்."

எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த கடைசல் மெஷினை அவர் நிறுத்தினார்.

"நீங்க எப்படிப் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"நானா? ஒரு பையில போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

"ஏழோட தண்டுல இருக்கற கீறல் கையில படுமே."

"படும்" என்றார். பிறகு, "படலைன்னு வெச்சுப்பேன். ஏழு உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார்.

கிண்ணத்தில் இரண்டும் இன்னும் முங்கிக் கிடந்தன. எது எது என்று பார்க்காமல் ஒன்றை எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா எவ்வளவு நேரம் வைத்திருந்தாள் என்று அட்டவணையில் எங்கும் இல்லை.