மூக்கும் மூடாத டேப்பும்

தேயிலைக்காரருக்கு மூக்குதான் சோறு போட்டது. கம்பெனிக்கு வரும் தேயிலையை மோந்து, ருசித்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. அப்பேர்ப்பட்ட மூக்கில் இன்று மத்தியானம் கத்தி வைக்கப் போகிறார்கள். காரணம், குறட்டை. "வாசனை கொஞ்சம் மங்கலாம்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து மனுஷன் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"நான் குறட்டையே விடுறதில்லை" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? தூங்குகிறவன் சாட்சி சொல்ல முடியுமா?

மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. புத்தகம் எழுதும் மூன்று பேருக்குத் தகவல் தேடித் தருகிறாள்: ஒருவருக்குப் புறா, ஒருவருக்கு லிஃப்ட், இன்னொருவருக்குத் தூக்கம். ஒன்றைத் தேடப் போய் ஒன்பதைத் திறப்பாள். எதையும் மூட மாட்டாள். லேப்டாப் திரையின் மேல் ஓரத்தில், திறந்த பக்கங்களின் டேப்புகள் சீப்பின் பல் மாதிரி நெருக்கியடித்து நின்றன. எது என்னவென்று அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

"குறிச்சு வெச்சுட்டு மூடக்கூடாதா?" என்றால், "குறிச்சு வெச்சதை யாரு திரும்பிப் பாத்திருக்கா?" என்பாள்.

டேப்புகள் போய்விடுமே என்று லேப்டாப்பை அணைப்பதே இல்லை. அது ராப்பகலாக இரைந்துகொண்டிருக்கும். குறட்டை தாங்காமல் புருஷனை ஹாலுக்கு விரட்டியபோது, இரைச்சல் தாங்காமல் அதையும் கூடவே அனுப்பினாள். இரண்டும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

காலையில் அவள் தம்பி காரோடு வந்துவிட்டான். தேயிலைக்காரர் ஆஸ்பத்திரிப் பையைக் கையில் எடுத்தார். அப்போது ஹாலில் "கொர்ர்ர்" என்று ஒரு சத்தம் எழுந்தது.

மச்சினன் மிரண்டுபோனான். "மாமா, நின்னுக்கிட்டேவா?"

"அடப்பாவி, நான் பேசிட்டு இருக்கேன்டா!" அவர் பேசும்போதே இன்னொரு "கொர்ர்ர்".

"முழிச்சிருக்கும்போதே வருது. முத்திப்போச்சு" என்றாள் மனைவி. "டேய், வண்டியை எடு."

தேயிலைக்காரர் பையைப் போட்டுவிட்டு சுவரில் காது வைத்தார். ஃப்ரிட்ஜில் வைத்தார். கடைசியில் லேப்டாப்பில் வைத்ததும் துள்ளினார். "உன் டேப்புல எவனோ தூங்குறான்!"

மச்சினன் அணைக்கப் போனான். அவள் குறுக்கே விழுந்தாள்.

"அணைச்சா என் மூணு வேலையும் போச்சு!"

"அணைக்கலைன்னா என் மூக்கு போச்சு!"

ஒவ்வொன்றாகப் பார்ப்பதென்று முடிவானது. முதல் டேப்பைத் திறந்தவள், "அட, புறாவுக்கு வழி எப்படித் தெரியுதுன்னு இதுலதான் இருக்கு!" என்று உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து இன்னும் இரண்டு திறந்தாள்.

"அக்கா, இருக்கிறதைத் தேடச் சொன்னா புதுசா பெத்துப் போடுறியே!"

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: கிளம்பிவிட்டீர்களா? அடுத்த டேப்பில் அவள் எப்போதோ தேடியது அப்படியே நின்றது. 'குறட்டை விடும் கணவரை என்ன செய்வது?' அதைப் படித்ததும் தேயிலைக்காரருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு, என்கிட்ட கேக்காம இதுகிட்டயா கேட்டே?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் மூக்கு சிவந்திருந்தது. அதன் பிறகு எதையும் படிக்காமல் மளமளவென்று தட்டிக்கொண்டே போனாள்.

அகப்பட்டார். நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கும் ஒரு பெரியவர்.

"ஐயையோ, தூக்க ஆராய்ச்சி புரொபசர்! வீடியோல பேட்டி எடுத்துட்டு இருந்தேன். 'ஒரு நிமிஷம் சார்'னு சொல்லிட்டு எதையோ பாக்கப் பக்கத்து டேப்புக்குப் போனேன்."

"எப்போ?"

"போன மாசம்."

பெரியவரின் பின்னாலிருந்து ஓர் அம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள். "நீங்கதானா அது? யாரோ புருஷன் பொண்டாட்டி குறட்டைக்காகத் தினம் சண்டை போடுறாங்கன்னு இவர் புலம்பினார். நான் வேலைக்குப் போறவ, எனக்கு ஒண்ணும் கேக்கலை. மனப்பிரமைன்னு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதுக்கு முன்னாடி லேசாத்தான் குறட்டை விடுவார். இப்ப வீடே அதிருது!"

"நீங்களாவது மூடியிருக்கலாமேம்மா?" என்றார் தேயிலைக்காரர்.

"ஒரு நிமிஷம்னு சொல்லியிருக்காங்க, மூடினா மரியாதையா இருக்காதுன்னு இவர் விடலையே!"

மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். "சார் எழுந்ததும், மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க" என்று கும்பிட்டாள். பிறகு அந்த டேப்பை மூடினாள். அந்த வீட்டில் மூடப்பட்ட முதல் டேப் அதுதான். ஹால் கப்சிப்பென்று ஆனது.

ஆபரேஷன் ரத்தானது. மச்சினன் சிரித்தபடியே கிளம்பினான். மத்தியானம் தேயிலைக்காரர் தன் சொந்தக் கட்டிலில் ராஜா மாதிரி படுத்தார். படுத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தூங்கி, உண்மையிலேயே குறட்டை வந்துவிட்டால்? ஜெயித்த வழக்கு தோற்றுப்போகுமே! கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்.

"என்னங்க, தூக்கம் வரலையா?" மனைவியின் குரலில் அத்தனை கரிசனம். "பாவம், எல்லாம் என்னாலதான். இருங்க, தூக்கம் வராம இருந்தா என்ன பண்ணணும்னு பாக்கறேன்."

லேப்டாப் மடிக்கு வந்தது. ஒரு டேப் திறந்தது. இன்னொன்று. மூன்றாவதற்கு அவள் விரல் போவதைத் தேயிலைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். சட்டென்று கண்ணை இறுக மூடி, மூக்கு அதிர, பலம் கொண்டமட்டும் ஒரு குறட்டை விட்டார்.

"அப்பாடா, தூங்கிட்டார்" என்று அவள் இரண்டு டேப்பையும் மூடினாள்.