ஆட்டுத்தலையின் முகம்

தட்டு உள்ளே வந்தபோது நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழக்கம். ஆறு வருடமாக இந்தத் தெருவில் எந்த விருந்திலும் வெந்த ஆட்டுத்தலையின் முகம் என்னைப் பார்த்துத்தான் வைக்கப்படும். முகம் யாரைப் பார்க்கிறதோ அவர்தான் அன்றைய பெரிய விருந்தாளி, தலையை வெட்டிப் பங்கிடுபவர். நான் ரயிலடியில் நிலக்கரி இறக்குகிற கூலி. அந்த மரியாதை மகன் மெயிர்ஜானால் வந்தது. குத்துச்சண்டைக்காரனின் அப்பன்.

அவன் தோற்றபோதும் அது போகவில்லை. அல்மாட்டி நகரத்துச் சண்டையில் தாடை உடைந்து, உள்ளே தகடு வைத்துத் திரும்பிய வாரம், இதே துர்சின்பாய் வீட்டில்தான், "எட்டு ரவுண்டு நின்னான்ல அண்ணே. வெட்டுங்க" என்று கத்தியை என் கையில் கொடுத்தார்கள். பிறகும் இரண்டு முறை தோற்றான். தலை வந்துகொண்டேதான் இருந்தது.

போன மாதம் சிறுநீர்ச் சோதனையில் மாட்டினான். இரண்டு வருடத் தடை. அவன் ஜெயித்த சண்டைகளையும் ஜனங்கள் இப்போது தோண்டிப் பார்க்கிறார்கள்.

மாத்திரை என்னுடையது. வீங்குகிற என் காலுக்கு டாக்டர் எழுதிய நீர் மாத்திரை. எடை பார்க்க ஒரு நாள் இருக்க, எண்ணூறு கிராம் இறங்காமல் தவித்தான். நீராவி அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் இறங்கவில்லை.

"இதப் போடுடா. எல்லாம் ஒண்ணுக்கா போயிடும்."

"தப்பில்லையேப்பா?"

"டாக்டர் குடுத்ததுடா."

போட்டான். நீர் மாத்திரையும் விளையாட்டுக்காரர்களுக்குத் தடை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. விசாரணையில் கேட்டதற்கு, கடையில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறான்.

இன்று வரமாட்டேன் என்றவனை நான்தான் இழுத்துவந்தேன். தலை என் முன்னால் வந்ததும் கத்தியைத் தொடாமல் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவது என்றிருந்தேன்.

துர்சின்பாய் தட்டோடு என்னருகில் ஒரு கணம் நின்றார். பிறகு திருப்பினார். முகம் கரிக்கிடங்கு மேற்பார்வையாளர் கெல்திபெக்கைப் பார்த்தது.

"எனக்கா? அண்ணன் இருக்கறப்பவா?" என்றார் அவர். கத்தியை ஏற்கெனவே எடுத்திருந்தார்.

முதலில் காதை அறுத்தார். காது சின்னப் பிள்ளைகளுக்கு உரியது. சொல் கேட்டு வளரட்டும் என்று கொடுப்பது. கதவோரம், கழற்றிப்போட்ட பூட்ஸுகளுக்குப் பக்கத்தில் மெயிர்ஜான் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது.

"இத அவன்கிட்டக் குடுங்க. இனிமேலாவது பெரியவங்க சொல்றதக் கேக்கட்டும்" என்றார் கெல்திபெக்.

"ஒண்ணுக்குப் புடிச்சுப் பாத்துட்டுக் குடுங்கப்பா" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

காது கைமாறி என்னிடம் வந்தது. அடுத்தவருக்கு நான்தான் கொடுக்கவேண்டும். சூடாக, வழவழப்பாக இருந்தது. வாயைத் திறந்தேன். அங்கிருந்து மெயிர்ஜான் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று.

கொடுத்துவிட்டேன்.

இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். பேச்சு குதிரை விலைக்குப் போய்விட்டது. குருத்தெலும்பு லேசில் மசியாது. மெல்லும்போதெல்லாம் அந்தத் தாடை 'டிக்' என்றது. இந்தக் கோடிவரை கேட்டது.