அண்ணியின் பழுப்புப் பாட்டில்கள்

அந்த ஆய்வுக்கூடத்தை அண்ணனும் அண்ணியும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். மூட்டுவலிக்கு மருந்தாகும் ஒரு கொடியின் இலைத் துணுக்கை, கிருமி நீக்கிய பாட்டிலில் சத்துக்கூழின் மேல் வைத்து வளர்ப்பார் அண்ணி. இலை துளிர்க்காது, கட்டி கட்டியாகத் திசுதான் பெருகும். அதற்குள்தான் மருந்து. பாட்டில் கழுவுவது நான். வெளி ஆட்களிடம் பேசுவது அண்ணன்.

வேகமாக வளரும் கட்டி வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும். அதில் ஒரு துளி மருந்துகூட இல்லை என்று அண்ணி சோதித்துச் சொல்லியிருந்தார். மருந்து ஊறுவதெல்லாம் பழுப்பேறிச் சுருங்கிப்போன, பார்க்கச் சகிக்காத கட்டிகளில். அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி, கூழ் மாற்றி மாற்றி, வருடக்கணக்கில் காப்பாற்றி வந்தார். வெள்ளை, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

அண்ணி தன் அம்மாவைக் கண் அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போயிருந்தபோது, பார்வையிட வருவதாக, எங்கள் திசுவை விலைக்கு வாங்கவிருந்த மருந்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அண்ணன் பழுப்புப் பாட்டில்களை எல்லாம் எடுத்து, காலிப் பாட்டில்களை அவித்துக் கிருமி நீக்கும் நீராவிக் கொப்பரையில் அடுக்கினார். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். அழுகினதைக் காட்டி மானத்தை வாங்கச் சொல்கிறாயா என்று மூடியை முறுக்கினார். எல்லாம் வெந்துபோயின. அடுத்தவர் உழைப்பு என்றால் கை எவ்வளவு லேசாக ஓடுகிறது!

வந்தவர்கள் வெள்ளைப் பாட்டில்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். சோதித்துப் பார்க்க மாதிரி கேட்டுவிட்டுப் போனார்கள்.

திரும்பி வந்த அண்ணி, பழுப்புப் பாட்டில்கள் இருந்த காலிப் பலகையைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் பாராட்டுகளை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் பண்ணிக் கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரில இருக்கியே, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

தொந்தரவாம். அதற்கும் ஒரு சபாஷ் எதிர்பார்ப்பவர்போல நின்றார். பிறகு வழியும் அவரே சொன்னார். அந்தக் கொடியின் சாறு கடையில் கிடைக்கிறதாம், மாதிரியில் கொஞ்சம் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறதாம்.

அண்ணி கத்தவில்லை. ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தார்.

"நீங்க காட்டினது இதத்தான? இதத்தான் அனுப்புவேன். உள்ள மருந்து இல்லைன்னு எழுதியும் வைக்கிறேன்."

"குடும்பத்தோட தெருவுல நிக்கணுமா?"

"கொப்பரைல போடும்போது குடும்பம் ஞாபகம் வரலையா?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன். நீ சொன்னா கேப்பா."

நான் பேசுகிற ஆள் இல்லை. அண்ணி எழுதிய சீட்டு உள்ளே போனதும் டேப்பை எடுத்துப் பெட்டியை ஒட்டினேன், ஒரு மூலையையும் விடாமல், அழுத்தி.