கையிலே பிடித்த ட்ரோன்

போன வருடம் எங்கள் ட்ரோனில் நான் பூட்டிய விசிறி ஒன்று நடுவானில் கழன்று தெறித்தது. ட்ரோன் தலைகுப்புற விழுந்தது. யானைகள் நின்று நிதானமாக என் அக்கா வேகேசாவின் மக்காச்சோளத்தை மொத்தமும் தின்றுவிட்டுப் போயின. அந்த வருடம் அவள் பிள்ளைகளுக்கு மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலிக் களி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் கை சும்மா இருப்பதில்லை. எங்கள் ஊர் யானை விரட்டும் குழுவில் ட்ரோனை ஓட்டுவது மதிகோ, பூட்டுவது நான். யானைக்குத் தேனீ என்றால் உயிர் போகும் பயம். ட்ரோன் இரைச்சலும் அதன் காதுக்குத் தேனீக்கூட்டம்தான். பறக்கும் முன் விசிறிகளின் நட்டுகளையெல்லாம் கழற்றித் துடைத்து மறுபடி முறுக்குவேன். இறங்கியதும் மறுபடி. சோற்றில் கை வைத்தாலும் மனசு கேட்காது, எழுந்து போய் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வருவேன்.

"அந்த நட்டு என்ன உன் புருஷனா? சும்மா சும்மா தொட்டுப் பாக்குறே" என்பான் மதிகோ.

"உனக்கென்னடா, விழுந்தா எங்க அக்கா வயலு."

இந்த வருடம் விளைச்சல் நன்றாக வந்திருந்தது. விடிந்தால் அறுவடை. பொழுது சாயும் நேரத்தில் அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"ரோபி! ஆத்தைத் தாண்டிருச்சுங்கடி! குட்டியோட வருதுங்க!"

வயலோரத்தில் ட்ரோனை இறக்கி வைத்து ஸ்பேனரை எடுத்தேன். மூன்று நட்டு ஒழுங்காக ஏறியது. நான்காவது இறுகவே இல்லை. விரலால் சுண்டினேன், அது பாட்டுக்குச் சுற்றியது.

மதிகோ அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். "உள்ள நைலான் வளையம் இருக்குல்ல, அதுதான் நட்டை நழுவ விடாமப் புடிக்கும். தெனம் கழட்டிக் கழட்டி மாட்டி அதைத் தேய்ச்சே கொன்னுட்டியேடி."

"வேற நட்டு?"

"டவுனுக்குத்தான் போகணும்."

விழக்கூடாது என்று ஒரு வருடமாகத் தூங்காமல் பார்த்துக்கொண்டது நான். கெடுத்ததும் நானே. வயலின் அந்தக் கோடியில் தட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மதிகோ, பறக்க வேணாம்டா. சத்தம் வந்தாப் போதும்ல?"

"என்ன சொல்றே?"

நான்காவது விசிறியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். ட்ரோனின் இரண்டு கால்களையும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன். "நீ ரிமோட்டப் புடி. நான் இதைப் புடிச்சுக்கிட்டு நடக்கிறேன்."

"பைத்தியமா உனக்கு? மத்த மூணு நட்டும் இதே கதிதான். ஒண்ணு கழண்டாலும் உன் மூஞ்சிதான்!"

"தெரியும். போடு!"

மோட்டார் அலறியது. ஒரு பக்கம் விசிறி இல்லாததால் ட்ரோன் முறுக்கிக்கொண்டு இழுத்தது, மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது. யானைகளைப் பார்த்து நடந்தேன். என் கண் யானை மேல் இல்லை, மேலே சுற்றும் மூன்று நட்டின் மேல்தான் இருந்தது. தொட்டுப் பார்க்க விரல் துடித்தது. கையை விட்டால் எல்லாம் போச்சு. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

பெரிய யானை காதை விரித்து நின்றது. நானும் நின்றேன். மதிகோ பின்னாலிருந்து "வந்துடு, வந்துடு" என்று கத்தினான். இன்னும் ஒரு அடி வைத்தேன். அது தலையை உதறி, குட்டியைத் தும்பிக்கையால் தள்ளிக்கொண்டு திரும்பியது. மற்றவையும் பின்னாலேயே போயின. ஆற்றில் தண்ணீர் சலசலக்கும்வரை நான் ட்ரோனை இறக்கவில்லை.

வயலில் ஒரு மூலைதான் மிதிபட்டிருந்தது. மோட்டார் நின்றதும் தரையில் உட்கார்ந்தேன். கை தானாக ஸ்பேனரைத் தேடிப் போனது.

அக்கா வெடுக்கென்று ஸ்பேனரைப் பிடுங்கினாள். யானை முறித்துப் போட்ட கதிர் ஒன்றை என் மடியில் எறிந்தாள்.

"இதை உரி. கைக்கு வேலைதானே வேணும் உனக்கு? மூஞ்சியக் குடுக்கப் போனியேடி, பாவி!"

ஒரு வருடம் கழித்து அக்கா என்னைத் திட்டினாள். நான் அழுதுகொண்டே உரித்தேன்.